சக்கரம் சுற்றும் நேரம்

எங்கள் கம்பெனியில் நான் எந்தப் பிரிவுக்குள் நுழைந்தாலும், அங்கே இருப்பவர்கள் முதலில் செய்வது திறந்து வைத்திருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்வதுதான். "அப்டேட் அம்மா வந்தாச்சு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாலும் இதே கதைதான். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு கோபப்பட்டு என்ன பயன், விட்டுவிட்டேன்.

நாங்கள் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்து தருகிறவர்கள். ஊர் ஊராக இருக்கும் கண்ணாடிக் கடைகள் எங்களுக்கு ஆர்டர் போடும். ஆர்டர் வருவது, லென்ஸ் தேய்ப்பது, சரக்கு இருப்பு, பேக்கிங், வண்டி, பில் என்று எல்லாமே ஒரே மென்பொருளில் ஓடுகிறது. அதை நாங்கள் 'தளம்' என்போம். தளத்தைச் செய்து கொடுத்த நிறுவனம் அவ்வப்போது புதிய பதிப்பு ஒன்றை அனுப்பும். அதை எந்த நாளில் ஏற்றுவது, யாருக்கெல்லாம் முன்கூட்டிச் சொல்வது, சோதனை நகலில் எதையெல்லாம் தட்டிப் பார்ப்பது, ஏடாகூடம் ஆனால் பழைய பதிப்புக்கு எப்படித் திரும்புவது என்று திட்டம் போட்டு நடத்துவது என் பொறுப்பு. ஒழுங்காக நடந்தால் நான் என்ன செய்தேன் என்று யாருக்கும் தெரியாது. சொதப்பினால் வாசல் காவல்காரர் வரைக்கும் தெரியும்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அந்தத் தளத்தின் மேல் ஒரு பிரமிப்பு உண்டு. எங்கேயோ ஒரு கடையில், யாரோ ஒருவர் எழுத்துப் பலகையைப் பார்த்து "மங்கலா இருக்கு" என்று சொல்லியிருப்பார். கடைக்காரர் இரண்டு எண்களைத் தட்டுவார். அவர் விரலை எடுப்பதற்குள் எங்கள் கட்டடத்தில் ஒரு இயந்திரத்துக்கு வேலை போய்ச் சேர்ந்திருக்கும், கிடங்கில் இரண்டு கண்ணாடி வில்லைகள் குறைந்திருக்கும், மறுநாள் கிளம்பும் வண்டியில் ஒரு சின்னப் பெட்டிக்கு இடம் ஒதுங்கியிருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இத்தனை பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள். அப்டேட் நாளில் தளத்தை நான் நிறுத்தும்போது, என் திரையில் பிரிவு பிரிவாக எண்கள் அசையாமல் நின்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். மறுபடி ஓடவிட்டதும் முதல் ஆர்டர் ஒன்று எங்கிருந்தோ வந்து விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இந்த முறை வந்த பதிப்பு பெரியது. அதில் எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருந்தது வேகம்.

பேக்கிங் ஹாலில் வேலை இப்படி நடக்கும். ஒரு தட்டில் இரண்டு லென்ஸ் வரும். ஒவ்வொன்றின் மேலும் அதன் எண் அச்சிட்ட துணுக்குச் சீட்டு ஒட்டியிருக்கும். தட்டை ஸ்கேன் செய்தால் திரையில் ஆர்டர் தெரியும்: வலது கண்ணுக்கு இந்த எண், இடது கண்ணுக்கு இந்த எண். வலது லென்ஸை வலது உறையிலும் இடது லென்ஸை இடது உறையிலும் போட்டு, பெட்டியில் வைத்து, 'முடிந்தது' என்று அழுத்த வேண்டும். பழைய பதிப்பில் அழுத்தியதும் திரை வெளிறிப்போய் நடுவில் ஒரு சக்கரம் சுற்றும். இருப்பு, வண்டி, பில் என்று மூன்று இடத்துக்கும் தளம் சொல்லிவிட்டுத் திரும்பி வர அத்தனை நேரம் ஆகும். சக்கரம் நின்ற பிறகுதான் விலாசச் சீட்டு அச்சாகி வெளியே வரும். சுற்றும் நேரம் பெரிதில்லை, ஒரு கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம். ஆனால் நாளெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கொட்டாவி என்றால் சும்மாவா?

ஹால் மேனேஜருக்கு அந்தச் சக்கரத்தைக் கண்டாலே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவருக்கு ஹாலில் வைத்திருக்கும் பெயர் ஸ்டாப்வாட்ச். கெட்டவர் இல்லை. ஆனால் சும்மா இருக்கும் ஒரு கையைப் பார்த்தால் அவருக்குக் கை நமைக்கும். சக்கரத்தை எடுத்துத் தொலைக்க முடியாதா என்று பார்க்கிற போதெல்லாம் என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். புதிய பதிப்பில் அது இல்லை. அழுத்திய மாத்திரத்தில் விலாசச் சீட்டு வெளியே வந்துவிடும், அடுத்த ஆர்டர் திரைக்கு வந்துவிடும். மூன்று இடத்துக்கும் சொல்லும் வேலையைத் தளம் பின்னால் தானாகச் செய்துகொள்ளும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஏற்றினேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தயார் செய்த திட்டம் அது. ஒரு பிசகில்லை, ஒரு போன் இல்லை. மறுநாள் ஹாலில் பெட்டிகள் பறந்தன. முதலாளியம்மாவே கேக் வாங்கி வரச் சொல்லி, எல்லார் முன்னாலும் முதல் துண்டை என் கையில் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்தும் என் கணவரிடம் அதையே மூன்று தடவை சொன்னேன். அவர் பொறுமையாக மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்.

இங்கே என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணவரின் தங்கை. கல்யாணம் சரிப்பட்டு வராமல் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் இரண்டு நாள் அழுதாள், பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "அண்ணி, உங்க கம்பெனில எனக்கு ஏதாச்சும் வேலை இருக்குமா?" என்று கேட்டாள். பேக்கிங் மேசையில் சேர்த்துவிட்டேன். கொஞ்ச காலத்தில் ஹாலிலேயே அதிகப் பெட்டி போடுகிற கை அவளுடையது என்று ஆகிவிட்டது. பின்னறைக்கு வாடகை என்று மாதா மாதம் ஒரு தொகையை என் கையில் திணிப்பாள். வாங்காவிட்டால் சண்டைக்கு வருவாள். அந்த மேசை அவளுக்கு வெறும் சம்பளம் இல்லை. தலை நிமிர்ந்து நடக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் அது.

கேக் தீர்ந்து கொஞ்ச நாளில் புகார்கள் வர ஆரம்பித்தன. வலது லென்ஸ் இடது உறையில், இடது லென்ஸ் வலது உறையில். பக்கத்துத் தட்டு லென்ஸ் இந்தப் பெட்டியில். முன்பும் எப்போதாவது நடக்கும். இப்போது வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. ஒரு தையல்காரம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முடியாமல் தலைவலியோடு கடைக்கு நடந்திருக்கிறார். ஒருவர் வீட்டுப் படியை ஒரு சாண் தள்ளிப் பார்த்துத் தடுக்கி விழுந்திருக்கிறார்.

ஸ்டாப்வாட்ச் ஆட்களின் மேல் பழியைப் போட்டார். வேகம் கூடியதும் திமிரும் கூடிவிட்டது என்றார். ஒருவர் பெயரில் மூன்று தப்பு வந்தால் மேசை கிடையாது என்று பலகையில் ஒட்டினார். அதிகப் பெட்டி போடுகிறவளுக்குத்தானே அதிகத் தப்பும் வரும்? என் நாத்தனார் பெயரில் அதற்குள் இரண்டு வந்துவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. தளத்தின் பதிவுகளைத் துருவித் துருவிப் பார்த்தேன். கடை தட்டிய எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்றே. விலாசமும் சரி. என் அப்டேட்டில் ஒரு குறையும் இல்லை. மனதுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. அதை நான் மறைக்கவும் இல்லை, அதுதான் வீட்டில் வினையாகிப் போனது. சாப்பாட்டு மேசையில் அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்க அப்டேட்ல ஏதோ இருக்கு அண்ணி."

எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் பார்த்தாகிவிட்டது, தளத்தில் தப்பில்லை, கொஞ்சம் கவனமாக வேலை பார்த்தால் போதும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். என் கணவர் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டார். அந்த மனுஷனுக்கு எப்போது எழுந்து போக வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கவனமாத்தான் பண்றேன். ஆனா கவனமா இருக்கறதுக்கு இடமே இல்லாத மாதிரி இருக்கு."

இது என்ன பேச்சு, கவனத்துக்கு இடம் எதற்கு என்று அப்போது தோன்றியது. ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. பல் தேய்க்கும்போதும் அதுதான், பஸ்ஸில் போகும்போதும் அதுதான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவளைச் சோதனை அறைக்குக் கூட்டிப் போனேன். அப்டேட்டை ஏற்றுவதற்கு முன் ஒத்திகை பார்க்கும் அறை அது. பழைய பதிப்பின் நகலும் புதிய பதிப்பின் நகலும் பக்கத்துப் பக்கத்துக் கணினியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கழித்துப் போட்ட லென்ஸ்களைத் தட்டு தட்டாக அடுக்கி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவளுக்கு உதவி செய்யவா கூட்டிப் போனேன், என் அப்டேட் சுத்தம் என்று காட்டவா கூட்டிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் புதிய பதிப்பு. கை பறந்தது. ஒரு அடுக்கு முடிவதற்குள் ஒரு பெட்டியில் வலமும் இடமும் மாறியிருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. நிதானமாகச் செய்யச் சொன்னேன். நிதானமாகவே செய்தாள். அப்படியும் ஒன்று மாறியது. பிறகு பழைய பதிப்பு. அடுக்கு முழுதும் முடிந்தது, ஒன்றுகூட மாறவில்லை. இன்னொரு அடுக்கு வைத்தேன். அதிலும் ஒன்றுமில்லை. அதே லென்ஸ், அதே மேசை, அதே கை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் வேலைப்படி நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வலித்ததால்தான் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

உதடு அசைந்துகொண்டிருந்தது.

'முடிந்தது' அழுத்துகிறாள். சக்கரம் வருகிறது. கைக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் அவள் கண் பெட்டியில் இருக்கும் உறைக்குப் போகிறது, உறையின் கண்ணாடித் தாள் வழியாக லென்ஸ் மேலிருக்கும் சீட்டைப் பார்க்கிறது, பிறகு திரைக்குப் போகிறது. திரை வெளிறியிருந்தாலும் சக்கரத்துக்குப் பின்னால் ஆர்டரின் எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. உதடு ஏதோ சொல்கிறது. மறுபடி உறை, மறுபடி திரை. ஒரு பெட்டியில் அவள் கை தானாக உள்ளே போய் இரண்டு உறையையும் எடுத்து லென்ஸை மாற்றிப் போட்டது. சக்கரம் நின்றது, விலாசச் சீட்டு வந்தது, ஒட்டினாள்.

என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்டேன்.

"நானா? நான் ஒண்ணும் சொல்லலையே."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது. புதிய பதிப்பில் அழுத்திய நொடியே அடுத்தவருடைய எண் திரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அழுத்தும் வரை கண்ணும் கையும் உறையில் போடும் வேலையில் இருக்கின்றன, அழுத்திய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எதிரே ஒன்றும் இல்லை. எவ்வளவு நிதானமாகச் செய்தால் என்ன? கவனமாக இருக்க இடமில்லை என்று அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

எங்கள் பொறியாளருக்குப் பட்டப்பெயர் கொட்டாவி. எந்நேரமும் தூங்கி விழுகிற முகம், ஆனால் தளத்தின் நரம்பு நரம்பாகத் தெரிந்த ஆள். அவரிடம் சொன்னேன். சரிபார்த்தேன் என்று ஒரு டிக் போடும் கட்டத்தைத் திரையில் வைத்தால் போதாதா என்று கேட்டார். போதாது என்றேன். படிக்காமல் டிக் போடுவதில் இந்த உலகத்தில் எல்லாருமே பட்டம் வாங்கியவர்கள், நீயும் நானும் உட்பட. சக்கரத்தைத்தான் திருப்பி வைக்க வேண்டும், பின்னால் எண்கள் தெரிய வேண்டும். அவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"நான் வேலைக்கு வந்ததுல இருந்து நேரத்தைக் குறைக்கத்தான் சம்பளம் வாங்குறேன்க்கா. கூட்டச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

செய்ய முடியுமா முடியாதா என்றேன். முடியும், அதற்கு வெட்கமே இல்லாத மனசு வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

ஆனால் எங்களுக்கு முன்னால் மூன்றாவது புகார் வந்துவிட்டது. மறுநாள் காலை. பஸ் ஓட்டுகிற ஒருவரின் கண்ணாடி. நல்லவேளையாக அவர் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, எதிர்ச்சுவர் கிட்டே வந்து நிற்கிறதே என்று கேட்டிருக்கிறார். பெட்டி என் நாத்தனார் போட்டது. நான் ஹாலுக்கு ஓடிப் போனபோது ஸ்டாப்வாட்ச் அவள் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேசையில் இருப்பவர்களை அவர் நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவார். "மேலங்கியைக் கழட்டி வெச்சுட்டு ஆபீஸ்ல போய் உக்காரு" என்றார். அவள் ஹாலில் எல்லாரும் போடும் நீல மேலங்கியைக் கழற்றி, மடிப்பு கலையாமல் மடித்து அவர் கையில் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்த அன்று பார்த்த முகம். அதை மறுபடி பார்க்க நேரும் என்று நான் நினைக்கவே இல்லை.

நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை. நடந்ததைச் சொன்னேன். தப்பு ஆட்களுடையது இல்லை, என் அப்டேட்டுடையது என்றேன். சொல்லும்போது அவர் கையைத்தான் பார்த்தேன். கேக் கொடுத்த கையாயிற்றே. பின்னாலேயே வந்த ஸ்டாப்வாட்ச், யாரோ ஒரு ஆள் வாய்க்குள் முணுமுணுக்கிறது என்பதற்காக மொத்த ஹாலையும் மெதுவாக ஓட்ட வேண்டுமா, அதுவும் அந்த ஆள் இவர் வீட்டு ஆள் என்று சொன்னார். அது எனக்கு உறைத்தது. நியாயமான கேள்விதான். அவள் ஒருத்தி மட்டும்தானா, இல்லை எல்லாருமா? எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

முதலாளியம்மா என்னையே பார்த்தார். மெதுவாக ஓடுகிற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியதாக யாரிடமாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். ஒரே ஒரு மணி நேரம் ஹால் முழுதும் சக்கரத்தைத் திருப்பி வைக்க அனுமதி கேட்டேன். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம், என் நாத்தனாரும் அவள் மேசையில் இருக்கட்டும், அந்த மணி நேரத்தில் போட்ட பெட்டியெல்லாம் வெளியே போகாமல் திறந்து பார்க்கப்படட்டும். ஒன்றும் தேறாவிட்டால் அவள் போவதோடு, அப்டேட் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். கடைசி வாக்கியம் திட்டத்தில் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முதலாளியம்மா எழுந்து, தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

கொட்டாவி சக்கரத்தை ஏற்றினார். என் நாத்தனார் மேலங்கி இல்லாமல், வீட்டுச் சட்டையோடு மேசைக்குத் திரும்பினாள். யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஹாலின் வாசலில் நாங்கள் நின்றோம். முதல் சக்கரம் வந்ததும் இங்கும் அங்கும் சலிப்புக் கேட்டது. பழைய சனியன் திரும்பி வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். பெட்டிகளைக் கொண்டுபோகும் கன்வேயர் ஓடுகிற சத்தம், அச்சு இயந்திரங்களின் சத்தம். வேறு ஒன்றும் இல்லை. ஸ்டாப்வாட்ச் என் பக்கம் திரும்பினார்.

பிறகு அது ஆரம்பித்தது. கடைக்கோடி மேசையிலிருந்து ஒரு முனகல். அதன் மேல் இன்னொன்று. பக்கத்து வரிசையில் ஒன்று. ஒருவருடைய சக்கரம் நிற்கும்போது இன்னொருவருடைய சக்கரம் தொடங்குகிறது, ஆகவே சத்தம் நிற்கவே இல்லை. வரிசை வரிசையாகப் பரவி, ஹால் முழுதும் நிரம்பி, தாழ்வாக, ஒரே சீராக ஒரு ரீங்காரம்.

இந்த ஹாலில் எத்தனையோ வருடங்களாக நான் நடந்திருக்கிறேன். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். குளிர்சாதன இயந்திரத்தின் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! அப்டேட் ஏற்றிய மறுநாளிலிருந்து அது நின்றுபோயிருக்கிறது. நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லாரும். ஒருவர் விடாமல் எல்லாரும். ஒருவர் உறைகளை விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார். ஒருவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொள்கிறார், வலது, இடது. ஒரு அக்கா ஒரு கண்ணை மூடி ஒரு எண்ணையும் மறு கண்ணை மூடி மறு எண்ணையும் சொல்கிறார். வாசலோரம் இருந்த பெரியவர் எண்களை ராகம் போட்டு இழுக்கிறார். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்கு எடுக்கும்போது தரும் பயிற்சியில் இது இல்லை. எந்த விதியிலும் இல்லை. ஒவ்வொருவரும் தனியாக, தனக்கே தெரியாமல், ஒரு கொட்டாவி நேரத்துக்குள் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் நானா, ஒன்றும் சொல்லவில்லையே என்பார்கள்.

தளம் என்றால் சர்வர் அறையில் இருப்பது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதை நிறுத்துவதும் ஓட்டுவதும் என் விரலில் இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட உண்டு. அதன் ஒரு பாதி இத்தனை வாய்களில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பாதியை எழுதியவர் என்று யாரும் இல்லை. அதற்கு நகல் எடுத்து வைக்க முடியாது. ஒரு காலை வேளையில் ஒரு பிசகும் இல்லாமல் அதை நான் அழித்திருக்கிறேன். அது அழிந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் அது முளைத்துத் திரும்பி வந்ததும், இரண்டுமே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

முதலாளியம்மா தாழ்ந்த குரலில், "இதை எடுத்துட்டுத்தான் நாம கேக் சாப்பிட்டோமா?" என்றார்.

மணி நேரம் முடிந்ததும் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றாக, ஸ்டாப்வாட்ச் முன்னால். ஒன்றில்கூடத் தப்பில்லை. அவர் கடைசிப் பெட்டியை இரண்டு தடவை பார்த்தார், மூடி வைத்தார். சக்கரம் இருக்கட்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். எத்தனை நேரம் சுற்றினால் போதும் என்று கொட்டாவி கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? முணுமுணுத்து முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு என்றேன். அப்படி ஒரு எண்ணைக் கணினியில் தட்ட முடியாது, போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

என் நாத்தனாரின் முதுகுப் பக்கம் போய் நின்றேன். சொல்லிக் காட்டு என்றால் அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். சக்கரம் சுற்றட்டும் என்று காத்திருந்து குனிந்தேன். "வலது ரெண்டே கால், இடது ஒண்ணே முக்கால்." கண் உறைக்குப் போய்த் திரும்பியது. "ரெண்டே கால், ஒண்ணே முக்கால்." அதோடு முடிந்தது என்று நிமிரப் பார்த்தேன். முடியவில்லை. விலாசச் சீட்டு வந்தது, ஒட்டினாள், பெட்டியைக் கன்வேயர் பக்கம் தள்ளினாள். தள்ளும்போது இன்னொரு வார்த்தை சொன்னாள்.

"இந்தாங்க."

அடுத்த பெட்டிக்கும் அதேதான். அதற்கடுத்ததற்கும் அதேதான். எண்கள், பிறகு இந்தாங்க. யாருக்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேட்டாள். இந்தாங்க என்று சொல்கிறாய் என்றேன். அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"அப்படியா சொல்றேன்? தெரியல அண்ணி. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கப் போறவங்களுக்கா இருக்கும்."

அந்த வார்த்தைக்கும் சேர்த்து நேரம் வைக்க வேண்டும் என்று கொட்டாவியிடம் சொல்லத் திரும்பினேன். பின்னால் ஸ்டாப்வாட்ச் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையில் அந்த நீல மேலங்கி. அதற்குள் அடுத்த தட்டு வந்து, அவளுடைய சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவர் காத்திருந்தார். அவள் எண்களை முணுமுணுத்து, பெட்டியை ஒட்டித் தள்ளிவிட்டு, யாரோ நிற்பது தெரிந்து நிமிர்ந்தாள்.

அவர் மேலங்கியை நீட்டி, "இந்தாங்க" என்றார்.